பில்லோ எறியும் எக்ஸெப்ஷன்களை எந்த இடத்தில் பிடிப்பது?

கேள்வி:
பைத்தானில் பில்லோ என்ற பட லைப்ரரியை வைத்து ஆயிரக்கணக்கான படங்களைச் சிறிதாக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதியிருக்கிறேன். இமேஜ்.ஓப்பன் வரியைச் சுற்றி ட்ரை போட்டு, இது என்ன படம் என்று தெரியாதபோது வரும் அன்ஐடென்டிஃபைட்இமேஜ்எரரைப் பிடிக்கிறேன், அப்படியும் ஏதோ ஒரு படத்தில், அதுவும் ரீசைஸ் வரியில், ஓஎஸ்எரர் வந்து மொத்த ஓட்டமும் நின்றுவிடுகிறது. பேசாமல் எல்லாவற்றையும் சுற்றி, எந்தப் பிழை வந்தாலும் பிடிக்கும் எக்செப்ட் எக்ஸெப்ஷன் போட்டுவிடலாமா?

பதில் 1:
ஓப்பன் படத்தை முழுதாகப் படிப்பதில்லை. கோப்பின் தலைப்பகுதியைப் பார்த்து என்ன வகை, எவ்வளவு அகலம், உயரம் என்று தெரிந்துகொண்டு அதோடு நின்றுவிடும். பிக்சல்களைப் படிப்பது லோட்தான், ரீசைஸ் உள்ளுக்குள் அதைத்தான் கூப்பிடுகிறது. பாதியில் அறுந்துபோன ஜேபெக் ஓப்பனைத் தாண்டிவந்து அங்கே விழுவது அதனால்தான். ஓப்பன் முடிந்த கையோடு அதே ட்ரைக்குள் லோடையும் கூப்பிடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் ஓஎஸ்எரரை மட்டும் பிடித்தால் போதாது. உடைந்த பிஎன்ஜி சில சமயம் சிண்டாக்ஸ்எரர் தரும். ஒரு படத்தின் அளவுக்குப் பில்லோ வைத்திருக்கும் இயல்பான வரம்பு 8,94,78,485 பிக்சல். அதைத் தாண்டினால் எச்சரிக்கை, இரண்டு மடங்கைத் தாண்டினால் டிகம்ப்ரஷன்பாம்எரர், அது ஓஎஸ்எரர் குடும்பத்திலேயே கிடையாது.

எக்செப்ட் எக்ஸெப்ஷன் மட்டும் தயவுசெய்து வேண்டாம். நான் அப்படித்தான் ஓப்பன், ரீசைஸ், சேவ் மூன்றையும் ஒரே ட்ரைக்குள் போட்டிருந்தேன், ஒருநாள் டிஸ்க் நிரம்பிவிட்டது, அதற்குப் பிறகு வந்த நல்ல படங்கள் எல்லாம் ‘கெட்ட படம்’ என்று குறிக்கப்பட்டு ஒதுங்கிவிட்டன, அவற்றைத் திரும்பப் பிரித்தெடுக்க இரண்டு நாள் ஆனது. சேவுக்குத் தனி ட்ரை வையுங்கள், அங்கே பிழை வந்தால் ஓட்டம் நிற்கட்டும். படிக்கும்போது வரும் ஓஎஸ்எரரிலும் எர்ர்நோ என்ற பிழை எண்ணைப் பாருங்கள்: அனுமதி இல்லை, கோப்பு இல்லை போன்ற இயங்குதளப் பிழைகளில் அதில் ஓர் எண் இருக்கும், ‘படம் பாதியில் அறுந்திருக்கிறது’ என்று பில்லோவே எழுப்புவதில் அது நன், அதாவது வெறுமையாக இருக்கும்.

பதில் 3:
இதையெல்லாம் ஒரே ஃபங்ஷனுக்குள் அடக்கி, கெட்ட படம் என்பதற்குச் சொந்தமாக ஓர் எக்ஸெப்ஷன் வகுப்பு வைத்து, ஒரு பிழையை இன்னொன்றோடு இணைத்து எழுப்பும் ரெய்ஸ் ஃப்ரம் வழியாக மூலப்பிழையையும் கோப்பின் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். நாளைக்கு லைப்ரரியை மாற்றினாலும் அந்த ஒரு இடத்தைத் தொட்டால் போதும். அப்புறம், அறுந்த படத்தையும் ஏற்கச் செய்யும் லோட்_ட்ரங்கேட்டட்_இமேஜஸ் அமைப்பை ட்ரூ ஆக்கச் சொல்லி யாராவது வருவார்கள். பிழை நிற்கும், ஆனால் பாதிப் படம் நல்ல படம் போலவே உள்ளே போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
லோடை மேலே ஏற்றியதும் நின்ற கோப்பு எது என்று உடனே தெரிந்துவிட்டது, அறுந்த ஜேபெக்தான். சேவ் வரியைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். மூவருக்கும் நன்றி.