பாடல் வரிகளில் கண்ணுக்குத் தெரியும் விவரங்கள்: எத்தனை, எந்த இடத்தில்?

புதுச்சரணம் (கேள்வி):
பிரிவைப் பற்றி ஒரு பாடல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மெட்டு முன்பே தயாராகிவிட்டதால் அதற்குள் வரிகளை அமர்த்த வேண்டியிருக்கிறது. சரணத்தை முதலில் இப்படி எழுதியிருந்தேன்:

நெஞ்சமெல்லாம் வேதனைதான் நிறைந்ததே
நினைவினிலே என்னுயிரும் கரைந்ததே

மெட்டமைத்த நண்பர் இதைக் கேட்டுவிட்டு, சந்தம் சரியாக இருக்கிறது, ஆனால் இது யாருடைய பிரிவு என்று தெரியவில்லை, கண்ணால் பார்க்கக்கூடிய எதையாவது உள்ளே கொண்டு வாருங்கள் என்றார். மாற்றிய வடிவம் இது:

மேசைமேலே உன்னுடைய கண்ணாடி
மூலையிலே சாத்திவைத்த உன்குடை
ஆணியிலே தொங்கிநிற்கும் சால்வையும்
அங்கேயே உறங்குகின்ற வீணையும்

இப்போது பொருள்கள் கண்முன் வருகின்றன, வலி வரவில்லை. ஒரு சரணம் எத்தனை விவரங்களைத் தாங்கும்? மேலும், இவ்வளவு தனிப்பட்ட பொருள்களைச் சொன்னால், அவற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் இது தமக்கான பாட்டு அல்ல என்று விலகிவிட மாட்டாரா?

ஓரெதுகை:
உங்கள் இரண்டாவது வடிவத்தில் நான்கு பொருள்கள் இருக்கின்றன, ஆனால் ஒரு மனிதர்கூட இல்லை. பார்ப்பவர் யார், அவர் அந்தப் பொருளை என்ன செய்கிறார் என்பது வரியில் இல்லாதபோது, வீடு காலி செய்பவர் எழுதிய சாமான் பட்டியலுக்கும் சரணத்துக்கும் வேறுபாடு இருக்காது. நான்கில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, பாடுபவரை அதைத் தொட விடுங்கள். என்னைக் கேட்டால் கண்ணாடியைத்தான் எடுப்பேன், ஏனென்றால் ஒருவரின் பார்வைக் கோளாறுக்கு ஏற்பச் செய்த கண்ணாடி இன்னொருவருக்குப் பொருந்தாது:

உன்னுடைய கண்ணாடியை அணிகிறேன்
என்னுடைய வீடெனக்குக் கலங்குதே

வேதனை என்ற சொல் இதில் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் இரண்டாவது ஐயத்துக்கும் இதிலேயே ஓரளவு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். வாழ்நாளில் கண்ணாடியே அணியாத ஒருவர்கூட, இல்லாமற்போனவரின் செருப்பிலோ கைக்கடிகாரத்திலோ ஒருமுறை தம்மைப் பொருத்திப் பார்த்திருப்பார். அந்தச் செயலின் வழியாக அவர் பாட்டுக்குள் வந்துவிடுவார். பொருள் வேறாக இருப்பது அவருக்கு ஒரு தடையாகாது. பொதுப்படையாக நெஞ்சம், உயிர், நினைவு என்று எழுதினால் எல்லாருக்கும் பொருந்தும் என்பது ஒரு மயக்கம்தான். அவற்றைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டதால் யாரும் நின்று கவனிப்பதில்லை. மழை, நிலா, ஜன்னலோரம் ஆகியவையும் இன்று ஏறக்குறைய அந்த நிலைக்கு வந்துவிட்டன.

பழம்பாட்டு வாசகர்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஓர் எடுத்துக்காட்டை மட்டும் சேர்க்கிறேன். குறுந்தொகையின் 25ஆம் பாடல், கபிலர் எழுதியது, ஐந்தே அடிகள். தலைவனும் தலைவியும் கூடியபோது அங்கே வேறு யாருமே இல்லை. அவன் சொல் தவறினால் தான் என்ன செய்வது என்று தலைவி கேட்கிறாள். பிறகு, ஒரு குருகு (நீர்ப்பறவை) மட்டும் அங்கே இருந்தது என்கிறாள். கபிலர் அதோடு விட்டிருந்தாலும் பாட்டு நின்றிருக்கும். ஆனால் அதன் கால்கள் தினைத்தாள் போல மெலிந்து பசுமையாக இருந்ததையும், அது ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் அவள் சொல்கிறாள். இருந்த ஒரே சாட்சியும் மீன்மேல் கண்ணாக இருந்துவிட்டது! அச்சத்தின் முழு எடையும் அந்தப் பறவை எங்கே பார்த்தது என்ற ஒரு விவரத்தின்மேல் ஏறி நிற்கிறது. அகப்பாட்டு மரபில் கருப்பொருள் (பறவை, மரம் போன்ற நிலத்துப் பொருள்கள்) உரிப்பொருளுக்காக (பாட்டின் மைய உணர்வுக்காக) உழைக்க வேண்டும். வெறும் அலங்காரமாக வந்து நிற்பதில்லை. உங்கள் குடையும் சால்வையும் இன்னும் உழைக்கத் தொடங்கவில்லை.

தத்தகாரம்:
நான் மெட்டுக்கு எழுதிப் பழகியவன். ஆகவே வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். படிப்பவர் வேண்டுமானால் திரும்பிப் போய்க் கபிலரின் அடியை மீண்டும் பார்க்கலாம், பாட்டுக் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. எனவே ஒருமுறை காதில் விழுந்ததுமே புரியாத விவரம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் பாட்டில் வீண். அதோடு, பல்லவியைச் சற்றுப் பொதுவாகவே விட்டுவிடுங்கள் என்பேன். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவி திரும்பி வரும்போது, நடுவில் கேட்ட விவரம் அதே பழைய வரிக்குப் புதிய பொருளை ஏற்றிவிடும். பல்லவியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அதற்கு இடமில்லாமல் போகிறது.

இன்னொன்று, ஓசை. உங்கள் முதல் வடிவத்தில் "நிறைந்ததே", "கரைந்ததே" என்று வந்ததால், அந்தச் சீரில் ஒற்று நீங்கலாக இரண்டாம் எழுத்தில்தான் மெட்டு நின்று நீள்கிறது என்று ஊகிக்கிறேன். அங்கே "உன்குடை" என்று போட்டால் "கு" நீண்டு, கேட்பவர் காதில் கூடை என்றுதான் விழும். பொருட்பெயர்களில் இந்தத் தொல்லை அதிகம்: படம் பாடமாகும், கல் காலாகும். ஓரெதுகை அவர்களின் "அணிகிறேன்" என்பதிலும் "ணி" குறிலாக நிற்கிறது. "அணிந்ததும்" என்று மாற்றிப் பாருங்கள். அடுத்து வரும் "ந்" என்ற மெல்லொற்றின்மேல் குரல் நிற்க முடியும், கீழே "கலங்குதே" என்பதோடும் அது ஒத்துப்போகும்.

புதுச்சரணம்:
உங்கள் ஊகம் சரிதான், ஐயா. மெட்டு அந்த இடத்தில்தான் நீள்கிறது. "அணிந்ததும்" பாடுவதற்கு இயல்பாக இருக்கிறது. குடையையும் சால்வையையும் எடுத்துவிட்டேன். வீணையை மட்டும் இரண்டாம் சரணத்தில் வைத்துக்கொள்ள விரும்புகிறேன். நெடுநாள் யாரும் சுருதி சேர்க்காத வீணையில் தந்திகள் சற்று இறங்கிவிடும் என்பதை வைத்து, கழிந்த காலத்தைச் சொல்லாமல் சொல்லலாம் அல்லவா? வாத்தியம் அறியாதவருக்கு இது ஒருமுறை கேட்டதும் புரியுமா?

தத்தகாரம்:
சுருதி இறங்கியது என்ற அளவில் எல்லாரும் பிடித்துக்கொள்வார்கள். பிரடை, மெழுகு, மேளம் என்று வீணையின் பாகங்களுக்குள்ளே போனால் வீணை வாசிப்பவர்கள் மட்டுமே உங்களோடு வருவார்கள். தொட்டவுடன் அபஸ்வரமாக ஒலித்தது என்று பாடுபவரின் விரலை உள்ளே கொண்டுவந்தால் இன்னும் எளிதாகப் புரியும்.