வயலோர இலுப்பை மரத்தை வெட்டலாமா?

கேள்வி: எங்கள் வயலோரத்தில் தாத்தா காலத்துக்கும் முந்தைய இலுப்பை மரம் ஒன்று நிற்கிறது, பழமெல்லாம் வௌவாலுக்குத்தான் போகிறது, விதை சும்மா கிடக்கிறது. ஏதாவது பயன் உண்டா, இல்லை வெட்டிவிடலாமா?

பதில்: தயவுசெய்து வெட்டாதீர்கள்! விதையைப் பொறுக்கி ஓட்டை உடைத்து, பருப்பை நன்றாகக் காயவைத்துச் செக்கில் ஆட்டினால் எண்ணெய் கிடைக்கும், கோயில் விளக்குகளுக்கு அந்தக் காலத்தில் ஊற்றியது அதைத்தான். பிண்ணாக்கை அரைத்துத் தலைக்குத் தேய்த்துக் குளிக்கலாம்.

பதில்: பிண்ணாக்கை மாட்டுக்கு மட்டும் அப்படியே வைக்காதீர்கள், அதில் சபோனின் என்ற, சோப்புபோல நுரைக்கும் நச்சுப்பொருள் இருக்கிறது. குளத்தில் கரைந்தால் மீன் செத்து மிதக்கும்.

பதில்: பூவை விட்டுவிட்டீர்களே, ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று சும்மாவா சொன்னார்கள்? அப்புறம், கன்று வேண்டுமானால் விதை விழுந்ததும் ஊன்றுங்கள். நான் சில மாதம் வைத்திருந்து போட்டதில் ஒன்றுகூட முளைக்கவில்லை.