புதுப்பிப்பு: ஐடில்ல வண்டி குலுங்குனது சரியாயிடுச்சு, வேக்குவம் லீக் தான்

போன தடவை கேட்டிருந்தேன்ல, பழைய பெட்ரோல் கார், சிக்னல்ல நின்னு ஐடில்ல (ஆக்ஸிலேட்டர் மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடுறப்ப) இன்ஜின் குலுங்குது, ஆர்பிஎம் 500க்கும் 900க்கும் நடுவுல ஏறி இறங்குது, ஆக்ஸிலேட்டர் மிதிச்சா ஒண்ணும் தெரியலன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, முக்கியமா ஸ்பார்க் பிளக்கை மாத்துறதுக்கு முன்னாடி வேக்குவம் லீக் (இன்ஜினுக்குக் காத்து போற வழியில ஓட்டை, வெடிப்பு) இருக்கான்னு பாருங்கன்னு சொன்னவருக்கு, அதான் வேலை செஞ்சுது.

ஸ்கேனர் மாட்டி ஃப்யூயல் டிரிம் (இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்குதுங்கிற அளவு) பாத்தேன், ஐடில்ல +22 சதவீதம், 2500 ஆர்பிஎம்ல +4 தான். அதாவது சென்சார் கணக்குல வராத காத்து எங்கயோ உள்ள போகுது, ஐடில்ல வேக்குவம் ஜாஸ்திங்கிறதால அப்பதான் பெருசா தெரியுது. இன்ஜின் ஓடும்போதே இன்டேக் (காத்து உள்ள போற) பக்கம் கார்புரேட்டர் கிளீனரை துளித்துளியா அடிச்சுப் பாத்தப்ப (எக்ஸாஸ்ட் பக்கம் அடிச்சுடாதீங்க, தீப்பிடிக்கும்) பிசிவி ஹோஸ்கிட்ட (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவியை இன்டேக்குக்குத் திருப்பி விடுற குழாய்) வந்ததும் லீக் வழியா அதை உள்ள இழுத்து ஆர்பிஎம் சட்டுனு மாறுச்சு. மேல இருந்து பாத்தா ஹோஸ் நல்லாத்தான் இருக்கு, கழட்டித் திருப்புனா வளைவுக்கு அடியில விரல் நீளத்துக்கு வெடிப்பு, ஆயில் ஊறி ரப்பர் களி மாதிரி ஆயிருந்துச்சு. பிசிவி வால்வும் ஆட்டிப் பாத்தா சத்தமே வரல, உள்ள ஒட்டிக்கிச்சு. ரெண்டையும் மாத்தியாச்சு.

எதிர்பார்க்காதது என்னன்னா, மாத்தின உடனே ஐடில் 1200ல போய் நின்னுச்சு. த்ராட்டில் பாடியையும் (உள்ள போற காத்தைக் கூட்டிக் குறைக்கிற பாகம்) கையோட கிளீன் பண்ணிருந்தேன், ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) பழைய அழுக்குக்கே பழகிப்போயிருக்கு. பேட்டரி டெர்மினலைக் கழட்டி மாட்டி, ஏசி லைட்டு எல்லாம் ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் ஐடில்ல விட்டதும் 750க்கு இறங்கிடுச்சு. சில வண்டிக்கு ஸ்கேனர் வெச்சுத்தான் ரீலேர்ன் (ஈசியூவுக்கு ஐடிலைத் திரும்பப் பழக்குறது) பண்ணணும், மேனுவல் பாத்துக்குங்க. பிளக் இன்னும் பழசேதான் ஓடுது.