மாணிக்கம் வாங்கும்போது "நேச்சுரல்" என்று எழுதியிருந்தால் போதுமா? பில்லில் என்ன எழுதி வாங்க வேண்டும்?

வைகைக்கரை_84:
வீட்டில் ஒரு மாணிக்க மோதிரமும் ஒரு கனக புஷ்பராகமும் எடுக்கப் போகிறோம். பார்த்து வைத்திருக்கும் மாணிக்கம் ஓவல், 10 × 8 × 5 மி.மீ., கார்டில் 3.25 காரட். காரட் 2,500 ரூபாய் சொல்கிறார்கள். கார்டில் "நேச்சுரல் கொரண்டம், வெரைட்டி: ரூபி" என்று பெரிதாகவும், அடியில் பொடி எழுத்தில் "கமென்ட்ஸ்: ஃபிராக்சர்ஸ் ஃபில்டு வித் கிளாஸ்" என்றும் போட்டிருக்கிறது. கேட்டால், "இப்போ வர்ற ரூபி எல்லாமே சூடு பண்ணினதுதான் சார், அது சகஜம்" என்கிறார் கடைக்காரர். புஷ்பராகத்துக்குக் கார்டே இல்லை, "சிலோன் கல்" என்று வாயால் சொல்வதோடு சரி. அந்தப் பொடி எழுத்துக்கு என்ன அர்த்தம்? வாங்கலாமா? பில்லில் என்ன எழுதச் சொல்ல வேண்டும்?

பத்தர்மேசை:
இந்தக் கல்லை வாங்காதீர்கள். சூடு பண்ணுவதும் கண்ணாடி நிரப்புவதும் ஒன்றில்லை. கடைக்காரர் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டார்.

கொரண்டம் என்பது மாணிக்கம், நீலம், கனக புஷ்பராகம் எல்லாவற்றுக்கும் பொதுவான கனிமம். பொடி எழுத்துக்கு, வெடிப்புகளில் கண்ணாடி நிரப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதாவது இது ஈயக் கண்ணாடி அடைத்த மாணிக்கம். 2004 வாக்கில் தாய்லாந்துப் பட்டறைகளிலிருந்து சந்தைக்கு வர ஆரம்பித்தது. ஆரம்பத்தில் இதற்குப் பயன்பட்டது மடகாஸ்கரின் அண்டிலமேனா பகுதிக் கல்: வெடிப்பு நிறைந்து, பால் நிறத்தில், மோதிரத்துக்கு லாயக்கில்லாத சரக்கு. அதை ஆசிட்டில் கழுவி வெடிப்பிலுள்ள அழுக்கை எடுத்துவிட்டு, ஈயம் அதிகமுள்ள கண்ணாடித் தூளோடு சேர்த்து உருக்கினால், கண்ணாடி வெடிப்புக்குள் ஓடி நிரம்பிவிடும். மாணிக்கத்தின் ஒளிவிலகல் எண் (உள்ளே நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு) 1.76 – 1.77. ஈயம் சேர்ந்த கண்ணாடியையும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கொண்டுவரலாம் என்பதால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. மொத்த விலையில் காரட் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதைத்தான் உங்களுக்கு 2,500 சொல்கிறார்கள்.

நீங்களே பார்க்கலாம். 10 மடங்கு லூப்பை (கல் பார்க்கும் சின்ன உருப்பெருக்கி) கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டில் இருந்து எல்.இ.டி. டார்ச் அடித்து, கல்லை மெல்ல ஆட்டுங்கள். உள்ளே வெடிப்பு ஓடும் தளத்தில் ஒரு கோணத்தில் நீலமோ ஊதாவோ பளிச்சென்று வந்து மறையும். சில கல்லில் எதிர்க்கோணத்தில் ஆரஞ்சும் வரும். அதே தளத்தில் குமிழிகள் இருக்கும், உருண்டையாகவோ நசுங்கின தட்டையாகவோ. பிறகு டார்ச்சை மேலிருந்து அடித்து மேல்தளத்தின் பளபளப்பைப் பாருங்கள்: கண்ணாடி வெளியே எட்டிப் பார்க்கும் கோடுகள் மட்டும் மங்கலாகத் தெரியும்.

பட்டறையில்தான் உண்மையான தொல்லை. மோதிரத்தை அளவு மாற்றப் பொடி வைத்து ஊதும்போது (தீயில் பற்றவைக்கும்போது) சூடு பட்டால் கண்ணாடி கசிந்து மேலே குமிழ் குமிழாக வரும். ஆசிட்டில் போட்டு வெளுத்தால் கண்ணாடி அரித்து, வெடிப்பெல்லாம் வெள்ளைக் கோடாக வெளியே தெரியும். எலுமிச்சைச் சாறுகூட அரிக்கும். நம் வீடுகளில் புளி போட்டு நகை தேய்க்கிற வழக்கம் வேறு இருக்கிறது. கெட்டுப் போன பிறகு "பத்தர் கல்லை மாத்திட்டார்" என்று பழி எங்கள் தலையில்தான் விழும்.

ரத்தினபுரி_லூப்:
பத்தர் சொன்னது சரி. ஆனால் சூடு பண்ணின கல்லைக் கண்டு பயப்படத் தேவையில்லை. இலங்கையில் கியூடா என்று ஒரு கல் உண்டு. பால் கலந்த மாதிரி வெளுப்பாக இருக்கும், முன்பு விலையே இல்லாதது. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை அள்ளிக்கொண்டு போய் 1,600 – 1,800 டிகிரி வரை சூடாக்கி நல்ல நீலமாக மாற்றினார்கள். அந்த வெளுப்புக்குக் காரணமான ரூட்டைல் ஊசிகள் (கல்லுக்குள் இருக்கும் டைட்டானியக் கனிம இழைகள்) கரைந்து, அதிலுள்ள டைட்டானியம் இரும்போடு சேர்ந்து நீலம் தருகிறது. வெளியிலிருந்து எதையும் சேர்ப்பதில்லை, நிறமும் நிலையானது. கல் வியாபாரத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட முறை, சொல்லி விற்கும்வரை. அதே நிறத்தில் சூடு படாத கல் பல மடங்கு விலை என்பதால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் இன்னொரு படி உண்டு. மியான்மரின் மொங் ஷு மாணிக்கங்களைப் போராக்ஸ் (வெண்காரம்) போன்ற பொருளோடு சுடுவார்கள். வெடிப்பு ஆறி ஒட்டும்போது உள்ளே கொஞ்சம் எச்சம் தங்கிவிடும். சில லேப்கள் இதை ஹெச்(ஏ), ஹெச்(பி), ஹெச்(சி) என்று எச்சத்தின் அளவுப்படி குறிக்கும். வெறும் ஹெச் என்றால் சூடு மட்டும். ஏ-யிலிருந்து சி-க்குப் போகப் போக விலை இறங்க வேண்டும்.

உங்கள் புஷ்பராகம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. மஞ்சள், ஆரஞ்சு கற்களில் நிறம் ஏற்றப் பெரிலியம் என்ற தனிமத்தைச் செலுத்தும் முறை 2001 – 2002இல் வெளிச்சத்துக்கு வந்தது. பெரிலியம் அணு மிகச் சிறியது. உயர் சூட்டில் கல்லின் நடுவரைக்கும் போய்விடும். அதனால் லூப்பால் பிடிக்க முடியாது. மெத்திலீன் அயோடைடு என்ற திரவத்தில் மூழ்கவைத்துப் பார்த்தால் சில கற்களில் விளிம்பைச் சுற்றி நிறப்பட்டை தெரியும், நடுவரை ஊறினதில் தெரியாது. உறுதியாகச் சொல்ல லேசர் அப்லேஷன் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி போன்ற, கல்லில் என்னென்ன தனிமம் எவ்வளவு என்று அளக்கும் கருவி வேண்டும். அது எல்லா லேபிலும் கிடையாது. "சிலோன்" என்பது ஊர். கல்லுக்கு என்ன செய்தார்கள் என்பதற்கு அது பதில் ஆகாது.

கதிர்வீச்சால் மஞ்சளாக்கினதும் உண்டு. அப்படி ஏற்றின மஞ்சளில் ஒரு வகை வெயில் பட்டாலே வெளுக்கும். விற்பவர் சம்மதித்தால் சில நாள் வெயில்படும் ஜன்னலில் வைத்துப் பார்க்கலாம், பணம் கொடுப்பதற்கு முன்.

வைகைக்கரை_84:
இருவருக்கும் நன்றி. இன்னொன்று: "மோதிரமாகக் கட்டிக் கொடுத்துடறோம், அப்புறம் எந்த லேபில் வேணும்னாலும் காட்டிக்குங்க" என்கிறார்கள். சரிதானா? நகைக்கு எச்.யு.ஐ.டி. இருக்கும் என்கிறார்கள்.

பில்புத்தகம்:
வேண்டாம். கட்டின கல்லின் எடையை லேப் மதிப்பீடாகத்தான் எழுதும். அடி மூடின கட்டாக இருந்தால் கல்லின் பின்பக்கமே தெரியாது, பல சோதனைகள் நடக்காது. லூசாக (எதிலும் கட்டாமல்) இருக்கும்போதே சோதிக்கக் கொடுங்கள், உங்கள் கையால். கடை கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிவரும் கார்டு என்றால் அந்த லேபின் இணையதளத்தில் அறிக்கை எண்ணைப் போட்டுப் பார்த்து, படம், எடை, மூன்று அளவுகள் எல்லாம் ஒத்துப்போகிறதா பாருங்கள். "டிரீட்மென்ட் நாட் டிடர்மின்ட்" (கல்லுக்கு என்ன செய்தார்கள் என்று கண்டறியவில்லை) என்று போட்ட கார்டு, கல் எந்த இனம் என்பதற்கு மட்டுமே ஆதாரம்.

எச்.யு.ஐ.டி. என்பது தங்கத்தின் தரத்துக்கான ஆறு எழுத்து-எண் குறியீடு. கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது.

கல்லுக்குத் தனி பில் போடச் சொல்லுங்கள். லூஸ் நிறக் கல்லுக்கு ஜி.எஸ்.டி. 0.25 சதவீதம்தான்; ஒரு லட்ச ரூபாய்க் கல்லுக்கு 250 ரூபாய். "பில் போட்டா வரி ஏறிடும்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். (நகையாக வாங்கினால் மொத்தத்துக்கும் 3 சதவீதம்.) எச்.எஸ்.என். எண்ணையும் (வரிக்காகப் பொருளின் வகையைக் குறிக்கும் எண்) போடச் சொல்லுங்கள்: இயற்கை நிறக் கல்லுக்கு 7103, செயற்கைக் கல்லுக்கு 7104. "நேச்சுரல்" என்று வாயால் சொன்னவர் 7104 போட்டால் அங்கேயே எழுந்துவிடலாம்.

பில்லில் இருக்க வேண்டிய வாசகம் இப்படி: "இயற்கை மாணிக்கம், ஓவல், 2.14 காரட், சூடுபடுத்தப்பட்டது, கண்ணாடி நிரப்பல் இல்லை, சாயம் இல்லை, லேப் அறிக்கை எண் இன்னது. வேறு லேப் சோதனையில் மாறுபட்டால் 30 நாளுக்குள் முழுத் தொகை திருப்பித் தரப்படும்." புஷ்பராகத்துக்கு "பெரிலியம் இல்லை, கதிர்வீச்சு இல்லை" என்பதையும் சேர்க்க வேண்டும். கேட்டதை எழுத மறுத்தால் அதுவே பதில்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பது நியாயமற்ற வணிக முறை. பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். 5 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடலாம். ஆனால் ஒன்று: உங்கள் கார்டில் கண்ணாடி என்று அச்சடித்தே இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டால் நிற்பது கஷ்டம்.

தராசுக்கல்:
ஒரு சின்ன கணக்கு. ஓவல் மாணிக்கத்தின் எடையை அளவிலிருந்தே ஏறக்குறையச் சொல்லலாம்: நீள அகலச் சராசரியின் வர்க்கம் × உயரம் × 0.008. உங்கள் கல்லுக்கு 9 × 9 × 5 × 0.008 = 3.24 காரட். கார்டில் 3.25. ஆக கார்டு இந்தக் கல்லுடையதுதான். பொடி எழுத்தும் இதைப் பற்றியதுதான்! பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கார்டு வேறு கல்லுடையதா என்று சந்தேகப்பட வேண்டும்.

எல்லாவற்றையும் பெரிய லேபுக்கு அனுப்பச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஐயாயிரம் ரூபாய்க் கல்லுக்குப் பெரிலியம் சோதனை செய்தால் கட்டணமே கல் விலையில் பெரும்பங்கை விழுங்கும். அந்த விலைக் கல்லை "சூடும் பெரிலியமும் இருக்கலாம்" என்றே எடுத்துக்கொண்டு, அதற்குத் தகுந்த பணம் கொடுங்கள். ஜோசியத்துக்காக "எதுவும் செய்யாத கல்தான் வேண்டும்" என்றால் மட்டும் லேப் செலவையும் கல் விலையோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்.

பத்தர்மேசை:
தராசுக்கல் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு கடையில் "பாட்டி காலத்துக் கெம்பு (மாணிக்கம்), அதனால் இயற்கை" என்று காட்டினாலும் லூப் வைத்துப் பாருங்கள். வெர்னுயி என்ற பிரெஞ்சு வேதியியலாளர் தன் செயற்கை மாணிக்க முறையை 1902லேயே வெளியிட்டுவிட்டார். நூறு வருஷத்து நகையிலும் அந்தக் கல் இருக்கலாம். உள்ளே ஒரு பொட்டுகூட இல்லாத சுத்தம் என்றால் சந்தேகப்படுங்கள்; வளைந்து ஓடும் நிறக்கோடோ உருண்டைக் குமிழியோ இருந்தால் அதுதான். வாங்கின பிறகு எந்தப் பட்டறையில் கொடுத்தாலும் லேப் அறிக்கையின் ஜெராக்ஸையும் சேர்த்துக் கொடுங்கள். ஊதுவதற்கு முன்னால் கல்லைக் கழற்ற வேண்டுமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.