"பெட்டியோடு வா" என்று அப்பா சொல்லிவிட்டார்: ஒரு மாசாய் மாணவிக்காகக் கேட்கிறேன்

கணக்கு டீச்சர் (கேள்வி)

வணக்கம். கென்யாவில், நரோக் பக்கம் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் மூன்று வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். ஃபார்ம் 3 (பள்ளியில் கடைசிக்கு முந்தின வருடம்) படிக்கும், மாடு வளர்க்கும் மாசாய் இனத்துப் பெண் ஒருத்தியைப் பற்றித்தான் கேள்வி. வயது 17, பெயர் வேண்டாம்.

போன ஞாயிறு அவளுடைய அப்பா பள்ளி போனுக்குக் கூப்பிட்டார். ஃபீஸ் பாக்கியில் 3,000 ஷில்லிங் எம்-பெசாவில் (போன் வழியாகப் பணம் அனுப்பும் சேவை) போட்டிருப்பதாகச் சொன்னார். மகளிடம் ஒரே வரிதான்: "லீவுக்குப் பெட்டியோடு வா." இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தகரப் பெட்டி உண்டு. எங்கள் விடுதியில் லீவுக்குப் போகும்போது அதைக் கட்டிலுக்கடியில் பூட்டிவிட்டு, கையில் ஒரு பையோடுதான் கிளம்புவார்கள். பெட்டியைக் கொண்டுவரச் சொன்னால் திரும்பி வரப்போவதில்லை என்று அர்த்தமாம். அவளே எனக்கு விளக்கினாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022 வறட்சியில் மந்தையில் பாதிக்குமேல் செத்துவிட்டது. பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து மாடு வரும், மந்தை மறுபடி தலையெடுக்கும். அவளுடைய அக்காவும் அப்படித்தான் எட்டாவதோடு போனாள்.

இவளுக்கு மாட்டு வைத்தியம் படிக்க ஆசை. உண்ணி கடித்து வரும் ஒரு காய்ச்சலை இவர்கள் ஓல்திகானா என்கிறார்கள். கன்றுகளை வாரிக்கொண்டு போகும் நோய். காதுக்குக் கீழே கட்டி வீங்கியிருக்கிறதா என்று இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தே இவள் சொல்லிவிடுவாள். அந்த இடத்தில் வீங்குவது நிணநீர்க் கணு. பயாலஜி டீச்சர் அதைப் பலகையில் வரைந்தபோது, "இதுக்கு இங்கிலீஷில் பெயர் இருக்கா!" என்றாளாம்.

இப்படித் தப்பி வரும் பெண்களுக்கான மீட்பு இல்லம் ஒன்றுக்குப் போய்விடு என்று சொல்லிப் பார்த்தேன். மாட்டேன் என்கிறாள். "ஓடிப்போனால் படிக்கலாம் டீச்சர். அப்புறம் அம்மா முகத்தில் எப்படி முழிப்பது?" அப்பா சம்மதத்தோடுதான் படிக்க வேண்டுமாம். அவரிடம் போய் எப்படிப் பேசுவது? என் சுவாஹிலி தக்காளி வாங்கும் அளவுக்குத்தான். பழகியவர்கள் சொல்லுங்கள்.

வெட்டு ஒன்று

இதில் பேச என்ன இருக்கிறது? 2014 திருமணச் சட்டப்படி கென்யாவில் 18 வயதுக்குக் கீழே கல்யாணம் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் சடங்கு என்று சொல்லிப் பெண்ணுறுப்பை வெட்டக் கத்தியை எடுப்பார்கள், அதுவும் 2011 சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 116, காசில்லாமல் கூப்பிடலாம். ஆசிரியர் நீங்கள், தகவல் கொடுப்பது உங்கள் கடமை.

கஜியாடோ மருந்துக்கடை

மேலே தம்பி சொன்னது சட்டப்படி சரிதான். 116ஐப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஹெட்மிஸ்ட்ரஸுக்கும் இப்போதே சொல்லி வையுங்கள். ஆனால் பெண்ணுக்கு 17 என்கிறீர்கள். 18 ஆன மறுநாள் வயதைக் காட்டித் தடுக்க முடியாது. எனக்குச் சம்மதமில்லை என்று அவளே அப்பாவுக்கு எதிரே நின்று சொல்ல வேண்டிவரும். அந்தப் பெண்ணுக்கு இது உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

கஜியாடோவில் 11 வருடம் கால்நடை மருந்துக் கடை வைத்திருந்தேன் அம்மா. கல்லாவில் உட்கார்ந்து கற்றதைச் சொல்கிறேன். அப்பா தனியாக முடிவெடுக்க மாட்டார். அவரோடு ஒன்றாக மொரானாக (இளம் போர்வீரனாக) இருந்த அதே வயதுக்குழு ஆண்கள் எல்லோரும் அந்தப் பெண்ணுக்கு அப்பா முறைதான். அவர்களில் படிப்பின் அருமை தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். நீங்கள் பத்து முறை சொல்வதை அவர் ஒரு முறை சொன்னால் போதும். அதற்கு முன்னால் தாயாரிடம் தனியாகப் பேசுங்கள்.

போனதும் விஷயத்தை எடுக்காதீர்கள். டீ வரும், பொறுமையாகக் குடியுங்கள். மழை, புல் பற்றிப் பேசலாம். மாடு எத்தனை என்று மட்டும் வாய் தவறியும் கேட்டுவிடாதீர்கள். பெண் அப்பா முன்னால் தலையைக் குனியட்டும், அவர் தலையைத் தொடட்டும், அதுதான் அங்கே வணக்கம். பிறகு பேச்சு தானாக வரும்.

ககென்யா ந்தயியா என்று ஒருவர். எனோசாயென் ஊர்க்காரர், உங்கள் நரோக் கவுன்டிதான். ஐந்து வயதிலேயே நிச்சயம் ஆனவர். சடங்குக்கு உட்படுகிறேன், மேல்நிலைப் பள்ளிக்கு விடு என்று அப்பாவிடம் பேரம் பேசினார். அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கி, 2009ல் அதே ஊரில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். அவர் கொடுத்த விலையை இந்தப் பெண் கொடுக்கவே கூடாது. ஆனால் ஊரை விட்டு ஓடாமல் ஊரோடு பேசி வாங்கினார் பாருங்கள், அதைச் சொன்னால் பெரியவர்கள் காதில் ஏறும்.

ஆருஷா

அக்கா, ஒரே ஒரு விஷயம். டிசம்பரில் "தான்சானியாவில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம்" என்று யாராவது சொன்னால் உஷார். கென்யாவில் கெடுபிடி என்பதால் சடங்குக்காக எல்லை தாண்டி இந்தப் பக்கம் கூட்டிவருவது உண்டு.

கணக்கு டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போய் வந்தோம்.

பயாலஜி டீச்சர் மாசாய், அவரும் வந்தார். அப்பாவின் வயதுக்குழுவில் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி வாத்தியார் ஒருவர் கிடைத்தார். மருந்துக்கடை ஐயா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

அம்மா குடிலுக்குள் சுரைக்குடுக்கையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். காட்டு ஒலிவக் குச்சியைக் கொளுத்தி, தணலை உள்ளே விட்டுத் தேய்க்கிறார்கள். பாலில் அந்தப் புகை வாசம் ஏறுகிறது, டீயிலும்தான். பயாலஜி டீச்சர் மொழிபெயர்க்க, என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "மூத்தவளை அனுப்பும்போது என்னை யாரும் கேட்கவில்லை."

வெளியே ஒரு மணி நேரம் மழையைப் பற்றியே பேச்சு. வாத்தியார் ஏதோ நீளமாகச் சொன்னார். அப்பா பதிலே சொல்லவில்லை. திடீரென்று எழுந்து, முள்வேலி ஓரமாக நின்ற ஒரு கன்றைக் காட்டி மகளைக் கூப்பிட்டார். அவள் காதுக்குக் கீழே அமுக்கினாள், இமையை விலக்கிப் பார்த்தாள். "ஓல்திகானா இல்லை. குடல்புழு." அவர் கேட்டது: "மருந்து என்ன விலை?" வாத்தியார் சிரித்துவிட்டார்.

முடிவு: ஃபார்ம் 4 முடித்துக் கேசிஎஸ்இ (பள்ளி இறுதித் தேர்வு) எழுதட்டும், பிறகு பேசலாம். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை. சடங்கைப் பற்றி ஆண்கள் வாயே திறக்கவில்லை, அதுதான் உறுத்துகிறது. டிசம்பரில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணம் இருக்கிறதாம் (ஆருஷா, உடனே நீங்கள்தான் ஞாபகம் வந்தீர்கள்). அதனால் லீவின் பெரும்பகுதி டியூஷன் என்ற பெயரில் பயாலஜி டீச்சர் வீட்டில் தங்க ஏற்பாடு. அம்மாவுக்குக் காரணம் தெரியும். ஹெட்மிஸ்ட்ரஸிடமும் சொல்லியாயிற்று.

பெட்டி கட்டிலுக்கடியிலேயே இருக்கிறது.

இப்போது அடுத்த தலைவலி. வீட்டில் பிறந்தவள், பிறப்புச் சான்றிதழ் இல்லை. தேர்வுக்குப் பதிய அது வேண்டும் என்று ஆபீஸில் கேட்கிறார்கள். சீஃபிடம் (ஊர்ப் பகுதி அரசு அதிகாரி) கடிதம் வாங்கித் தாமதப் பதிவு செய்யலாமாம். சமீபத்தில் யாராவது செய்திருக்கிறீர்களா? எத்தனை நாள் ஆயிற்று?