மறு: ராடிக்கல் இணைக்குச் சொல்: ‘துணையிலி இணை’ என்றால் என்ன?

குழுவினருக்கு வணக்கம். பறவைகள் புவிக்காந்தத்தைக் கொண்டு திசையறிவது பற்றிய நம் கட்டுரையில் ‘ராடிக்கல் இணை’ வருகிறது. ஆளுக்கொரு சோடியில்லா எலக்ட்ரானோடு ஒன்றாகப் பிறக்கும் இரண்டு மூலக்கூறுகள் அவை. அதற்குத் ‘துணையிலி இணை’ என்று நான் சொல்லியிருந்தேன். வந்த பதில் இது:

> ‘தனி உறுப்பு இணை’ என்றே வைத்துக்கொள்ளலாம். வேதியியலில் பழகிய சொல்தானே.

ஐயா, வேதியியல் கட்டுரையாக இருந்தால் நானும் இதற்கே கை தூக்கியிருப்பேன். நாம் எழுதுவது பறவையின் கண்ணைப் பற்றி. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் நேற்று வரைவைக் கொடுத்தேன். “விழித்திரையில் உருவாகும் தனி உறுப்புகள்” என்ற வரியில் விரலை வைத்து, “அப்பா, குருவிக்குக் கண்ணுக்குள்ள இன்னொரு உறுப்பு முளைக்குதா?” என்றாள். அவள் மேல் தவறில்லை. கண்ணும் உறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் யாரும் அப்படித்தான் படிப்பார்கள்.

நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம். விழித்திரையில் உள்ள கிரிப்டோகுரோம் புரதத்தில் நீல ஒளி படுகிறது. அந்தப் புரதத்தின் ஒரு பகுதியான டிரிப்டோஃபேனிலிருந்து ஓர் எலக்ட்ரான், அதனுள் இருக்கும் ஒளி வாங்கும் மூலக்கூறான ஃபிளேவினுக்குத் தாவுகிறது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இரண்டு எலக்ட்ரான்கள் சோடியில்லாமல் நிற்கின்றன. அவற்றின் தற்சுழற்சிகள் எதிரெதிராகவும் ஒரே பக்கமாகவும் மாறி மாறி ஊசலாடும். புவிக்காந்தம் வெறும் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லாதான். ஃபிரிட்ஜ் கதவுக் காந்தத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்த ஊசலைத் திருப்ப அது போதும் என்பதே 1978இல் கிளாஸ் ஷுல்டன் குழுவினர் வைத்த கருத்து. வலசை போகும் சிறு பறவையான ஐரோப்பிய ராபினின் கிரிப்டோகுரோம்-4 காந்தத்துக்கு அசைந்து கொடுப்பதை 2021இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். உயிருள்ள கண்ணில் இன்னும் நிறுவப்படவில்லை என்பதையும் கட்டுரையில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே ‘துணையிலி’. முதுகெலும்பிலி பழகிய நாவுக்கு இது கசக்காது. துணையில்லாதவை எப்படி இணையாகும் என்று அக்கா கேட்டிருந்தார். எலக்ட்ரான் துணை இழந்தது தன் மூலக்கூறுக்குள். இணையாக நிற்பவை அந்த இரண்டு மூலக்கூறுகள். ஒரே தாவலில் பிறந்தவை அவை. அந்த உறவு அறுந்தால் திசையறிதலே இல்லை. அவர் சொன்ன ‘இரட்டை’ எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் தற்சுழற்சிகள் எதிரெதிராக நிற்பதை ஒருமை நிலை என்றும், ஒரே பக்கமாக நிற்பதை மும்மை நிலை என்றும் பேசும் பத்தியில் அதுவும் வந்தால், இன்னொரு குவாண்டம் நிலை என்றே மயங்குவார்கள்.

அடுத்த சொல், பறவையின் காந்த உணர்வுக்கானது. அதற்கு ‘வடக்குணர்வு’ மட்டும் வேண்டாம். ராபினின் காந்த உணர்வு வடமுனை தென்முனை பார்ப்பதில்லை. காந்தக்கோடு தரையோடு கொள்ளும் சாய்வைப் பார்க்கிறது. கொடைக்கானலில் உட்கார்ந்து எழுதுவதால் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. காந்த நடுக்கோடு எங்களுக்குக் கூப்பிடு தூரம் என்பதால், கோடுகள் இங்கே ஏறக்குறைய படுத்தே கிடக்கின்றன. மேலே சூரிய ஆய்வகத்தில் புவிக்காந்தத்தையும் அளந்து வந்திருக்கிறார்கள். இன்று காலை ஏரிக்கரைக் கல்லில் ஒரு சாம்பல் வாலாட்டி, மஞ்சள் அடிவயிறு தெரிய வாலை ஆட்டிக்கொண்டு பூச்சி பொறுக்கியது. இமயத்திலிருந்து வரும் பறவை. ‘வடக்கு’ என்ற சொல்லை வைத்தால் இந்தச் சாய்வுக் கதை முழுதும் மறைந்துபோகும். ‘சாய்வுணர்வு’ என்பதே என் விருப்பம்.

வெள்ளிக்கிழமை கட்டுரை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொல்லுக்கும் அதற்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.