ஃபதேபூர் சிக்ரியில் அப்பா தேடிய மரம்

அப்பா நாற்பது ஆண்டுகள் தச்சு வேலை செய்தவர். சென்ற தை மாதம் அவரை ஆக்ராவுக்கு அழைத்துப் போயிருந்தேன். தாஜ்மகாலைச் சுற்றி வந்தபோது அவர் அதிகம் பேசவில்லை. மறுநாள் ஈத்கா நிலையத்தில் பஸ் ஏறி, சுமார் 37 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஃபதேபூர் சிக்ரிக்குப் போனோம். அரண்மனைப் பகுதிக்குள் கால் வைத்ததிலிருந்து அவர் பேச்சு ஓயவே இல்லை.

சிவப்பு மணற்கல் தூண், அதன் தலையில் பாரத்தைத் தாங்க விரியும் போதிகை, போதிகைமேல் உத்திரம், கூரை விளிம்பாக வெளியே நீளும் கொடுங்கை. "மரத்தில் செய்ய வேண்டியதையெல்லாம் கல்லில் செய்திருக்கிறார்கள்" என்றார். முகலாயக் கட்டடம் என்றால் வளைவும் கும்மட்டமும்தான் என்று நினைத்திருந்த எனக்கு அது புதிய பார்வை. 1571 வாக்கில் அக்பர் இந்த நகரை எழுப்பியபோது குஜராத், ராஜஸ்தான் பக்கத்துக் கட்டடக் கலையும் இங்கே வந்து சேர்ந்தது. பஞ்ச மகாலின் ஐந்து தளங்களையும் 176 தூண்கள் தாங்குகின்றன. தரைத்தளத்தில் 84, உச்சியில் நான்கே நான்கு.

திவான்-இ-காஸ் எனும் அரசவை மண்டபத்தில்தான் நெடுநேரம் நின்றோம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி. உள்ளே ஒரே கூடம். நடுவில் ஒற்றைத் தூண். அதன் தலையில் 36 போதிகைகள் அடுக்கடுக்காக விரிந்து ஒரு வட்ட மேடையைத் தாங்குகின்றன. மேடையிலிருந்து நான்கு மூலைகளுக்கும் கல் பாலங்கள். அப்பா அண்ணாந்து பார்த்தபடியே தூணைச் சுற்றிச் சுற்றி வந்தார். எடை எந்த வழியாகக் கீழே இறங்குகிறது என்று விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார். துருக்கி சுல்தானா மாளிகையில் மரமும் விலங்குகளும் நுணுக்கமாகச் செதுக்கிய கற்பலகைகள் இருக்கின்றன. விலங்குகளின் தலைகளை யாரோ உடைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து அவர் முகம் சுருங்கிவிட்டது.

தண்ணீர் இல்லாததால் நகரைக் கைவிட்டார்கள் என்று வழிகாட்டி ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அது மட்டும் போதாது என்றே நினைக்கிறேன். 1585இல் காபூலை ஆண்ட தம்பி மிர்சா ஹக்கீம் இறந்ததும், வடமேற்கு எல்லையைக் கவனிக்க அக்பர் லாகூர் போனார். 1598 வரை அங்கேயே இருந்தார். திரும்பியபோதும் ஆக்ராவுக்குத்தான் வந்தார்.

ஆனால் மதில் தாண்டி மசூதி முற்றத்துக்குள் நுழைந்தால் கைவிடப்பட்ட ஊர் என்ற சொல்லே பொருந்தாது. சூஃபி ஞானி சலீம் சிஷ்தியின் பளிங்கு தர்காவில் அவ்வளவு கூட்டம். அவருடைய ஆசியால் 1569இல் பிறந்ததாக நம்பப்படும் மகனுக்கு அக்பர் சலீம் என்றே பெயர் வைத்தார். பின்னாளில் ஜஹாங்கீர் ஆனவர் அவர்தான். பிள்ளை வரம் கேட்டு வருபவர்கள் பளிங்குச் சாளரங்களில் இன்றும் நூல் கட்டுகிறார்கள். எங்கள் பக்கத்தில் நின்ற ஓர் இளம்பெண்ணுக்கு முடிச்சு எட்டவில்லை. அப்பா கட்டிக் கொடுத்தார். உள்ளே சமாதிக்குமேல் முத்துச்சிப்பி பதித்த விதானம். அது மரத்தாலானது என்று தெரிந்ததும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வெளியேறும் வழியில் புலந்த் தர்வாசா எனும் பெரிய வாயில். சுமார் 54 மீட்டர் உயரம். எல்லோரும் படிகளில் இறங்கி நின்று அதை நிமிர்ந்து பார்த்தார்கள். அப்பாவோ குதிரை லாடங்கள் அடித்த பழைய மரக்கதவின் அருகில் நின்றுவிட்டார். நோயுற்ற குதிரை குணமாக வேண்டி அடித்தவை என்கிறார்கள். ஆக்ரா திரும்ப நேரமாகிவிட்டது என்று இரண்டு முறை சொன்னேன். "இரு" என்று சொல்லிவிட்டு, பலகையின் ரேகை ஓடும் திசையிலேயே மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.